தேதி தெரிந்த கூட்டம்

என் பிழைப்பு லோடு டெஸ்டிங். ஒரு வங்கி மென்பொருளையோ வலைக்கடையையோ ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்து தட்டினால் தாங்குமா, எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே தட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை. வருகிற ஆட்கள் எல்லோரும் பொய் ஆட்கள், ஒரு நிரல் உண்டாக்கி அனுப்புகிறவர்கள். ஊரில் யாராவது "என்ன ஜோலி?" என்று கேட்டால், "ஓணத்துக்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவில் எவ்வளவு கூட்டம் நெருக்கும் என்பதை ஆடி மாசமே கண்டுபிடிக்கிற ஜோலி" என்று சொல்லி வைப்பேன். கேட்டவர் பாவமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். :-)

இந்தத் துறையில் வருஷத்துக்கு ஒரு புது வார்த்தை வரும். க்ளவுட் என்றார்கள், மைக்ரோசர்வீஸ் என்றார்கள், அப்சர்வபிலிட்டி என்றார்கள், இப்போது எதை எடுத்தாலும் அதன் முன்னால் ஏ.ஐ. போட்டு விற்கிறார்கள். கருத்தரங்குக்குப் போனால் பளபளக்கும் டாஷ்போர்டு காட்டுவார்கள். நல்ல கருவிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை உண்மையிலேயே நன்றாகக் கண்காணிக்கப்படுகிறதா, சோதிக்கப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல இடம் கருத்தரங்கு அல்ல. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ மாதக் கடைசியில் ஒரு ரேஷன் கடை வாசல்.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையிலிருந்து ஒரு எட்டு வைத்தால் இஞ்சிவிளை, பாறசாலை. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து போகிற ஊர்கள். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிப்பு, பாலராமபுரத்தில் கைத்தறி, வெள்ளறடைப் பக்கம் ரப்பர். உழைத்துத் தேய்ந்த கைகள் நிறைய உள்ள பிரதேசம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கேரளத்தின் ரேஷன் கடைகளில் 2018 வாக்கில் இ-போஸ் மிஷின் வந்தது. விரலை வைக்க வேண்டும். ஆதார் சர்வர் "ஆமாம், இவர்தான்" என்று சொல்ல வேண்டும். பிறகு உங்கள் கார்டுக்கு எத்தனை கிலோ என்று வேறொரு சர்வர் சொல்லும், பில் வரும், அரிசி வரும். நடுவில் ஏதாவது ஒன்று மௌனம் சாதித்தால் அரிசி வராது. கடைக்காரர் "சர்வர் டவுண்" என்பார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குக்கூட இன்று மனப்பாடமான இரண்டு ஆங்கில வார்த்தைகள் இவைதான்.

என்னென்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் மிஷின்கள் மாநிலம் முழுக்கத் திணறின. அரசு என்ன செய்தது? 14 மாவட்டங்களை இரண்டாகப் பிரித்தது. ஏழு மாவட்டங்களுக்குக் காலையில் கடை, மீதி ஏழுக்குப் பிற்பகலில். அதே வருஷம் நவம்பர் கடைசியிலும் இதே வைத்தியம். 2023 ஏப்ரல் கடைசியில் சர்வரைச் சரிசெய்ய வேண்டும் என்று சில நாள் கடைகளையே மூடினார்கள். அந்த மாத ரேஷனை அடுத்த மாதத் தொடக்கத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2024 மார்ச் 15 முதல் மூன்று நாள் மஞ்சள், இளஞ்சிவப்பு கார்டுக்காரர்கள் எல்லோரும் கடைக்கு வந்து விரல் வைத்து "நான் இருக்கிறேன்" என்று உறுதி செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். மஸ்டரிங் என்று பெயர். முதல் நாளே சர்வர் படுத்தது. வயசானவர்கள் காலையிலேயே வந்து வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். மஸ்டரிங் தள்ளிவைக்கப்பட்டது.

இதையெல்லாம் படிக்கும்போது பொதுவாக வருகிற முதல் எண்ணம்: "அவ்வளவு பெரிய மாநிலம், அவ்வளவு ஜனம், மிஷின் திணறத்தானே செய்யும்?" அங்கேதான் எனக்கு வேறு கருத்து. வாருங்கள், ஒரு கணக்குப் போடலாம். பென்சிலும் பேப்பரும் போதும்.

கேரளத்தில் ரேஷன் கார்டுகள் 90 லட்சத்துக்கு மேல். கடைகள் சுமார் 14,000. மாதம் 80 லட்சம் கார்டுகள் பொருள் வாங்குகின்றன என்று வைப்போம். 25 வேலை நாள், நாளுக்கு ஏழு மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மாநிலம் முழுவதற்கும் நொடிக்கு சுமார் 13 பில். சரி, ஜனங்கள் ஒரே சீராக வருவதில்லை. பாதிப் பேர் கடைசி ஐந்து நாளில்தான் வருகிறார்கள் என்றால்? நொடிக்கு 32.

இன்னும் மோசமாக யோசிப்போம். எல்லாக் கடையிலும் வரிசை, எல்லா மிஷினும் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஒரு பில்லுக்கு ஒரு நிமிஷம். 14,000-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 233. இதற்கு மேல் போகவே முடியாது! ஏனென்றால் வாசலில் நாற்பது பேர் நின்றாலும் நானூறு பேர் நின்றாலும் உள்ளே இருப்பது ஒரே மிஷின். அது ஒரு நேரத்தில் ஒரு விரலைத்தான் கேட்கும்.

எங்கள் தொழிலில் சுமையை இரண்டு வகையாகப் பிரிப்போம். திறந்த சுமை, மூடிய சுமை. ஒரு கிரிக்கெட் மேட்ச் டிக்கெட் விற்பனையைத் திறந்துவிட்டால் எத்தனை லட்சம் பேர் ஒரே நிமிஷத்தில் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது திறந்த சுமை. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அரசின் மருத்துவக் காப்பீட்டு வலைத்தளம் திறந்த அன்றே விழுந்தது இப்படித்தான். முதல் நாளில் முழுதாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஆறே பேர். நம் ரேஷன் கடைகளோ மூடிய சுமை. எத்தனை மிஷின் இருக்கிறது என்பது எழுதி வைக்கப்பட்ட எண். எந்த நாளில் கூட்டம் வரும் என்பதும் தெரியும். மாதக் கடைசி காலண்டரில் இருக்கிறது. ஓணம் எப்போது என்று அடுத்த வருஷத்துப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. மஸ்டரிங்கின் தேதியை அரசாங்கமே குறித்தது.

நொடிக்கு 233 பில் என்பது இன்றைய கணிக்கு ஒரு பெரிய சுமையா? நம் நாட்டிலேயே ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் யு.பி.ஐ. வழியாக ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கு மேல் பரிவர்த்தனை நடந்தது. இரவு பகல் சேர்த்துச் சராசரி பார்த்தாலே நொடிக்கு 7,000-க்கு மேல். அதைத் தாங்கும் மென்பொருளைக் கட்டியதும் இந்தியர்கள்தான். ஆக இது பணக்கார நாட்டுக்கு மட்டும் கைவந்த வித்தை அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியது. பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் காலை ரயிலிலும் பேருந்திலும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வெளிநாட்டுக் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் சோதனை செய்து கொடுப்பது அங்குள்ள பல கம்பெனிகளின் அன்றாட வேலை. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனுக்கு மறுநாள் தள்ளுபடி வியாபாரம், 'பிளாக் ஃப்ரைடே'. அந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் சுமைச் சோதனை நடக்கும். போன வருஷக் கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு பொய்க் கூட்டத்தை விட்டு அடித்துப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டார்கள். ராத்திரி முழுக்க ஆள் உட்கார்ந்து ஆணி புடுங்கும். யாரோ ஒரு அமெரிக்கர் பாதி விலையில் டி.வி. வாங்குவது தடைபடக் கூடாதே என்று இங்கே ஒருவர் கண்விழிக்கிறார். அதே ஆளின் அம்மா அரிசி வாங்கப் போய் "சர்வர் டவுண், நாளைக்கு வாங்க" என்று திரும்பி வருகிறார். வித்தை தெரியாததால் நடப்பது அல்ல இது. அந்த வித்தையை இங்கே கேட்டு வாங்க யாருக்கும் கட்டாயம் இல்லாததால் நடப்பது.

மஸ்டரிங் கணக்கையும் போட்டுவிடுவோம். மஞ்சள், இளஞ்சிவப்பு கார்டுகளில் உள்ள ஆட்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. கார்டுக்கு ஒருவர் வந்தால் போதாது, பெயர் உள்ள ஒவ்வொருவரும் விரல் வைக்க வேண்டும். சிலர் முன்பே முடித்திருந்தார்கள். பாதிப் பேர்தான் மீதி என்று தாராளமாகவே வைப்போம். 75 லட்சம் பேர், மூன்று நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். நொடிக்கு 70 விரல். சாதாரண நாள் சராசரியைவிட ஐந்து மடங்கு. கடைக்கு 535 பேர், ஆளுக்கு மூன்றரை நிமிஷம்கூடக் கிடையாது. சர்வர் கல்லு மாதிரி நின்றிருந்தாலும், ஒரு விரலும் தவறாமல் பதிந்திருந்தாலும், ஜனங்கள் மூன்று நாளும் ஒரே சீராக வந்திருந்தாலும்தான் இது முடியும். சாதாரண மாதக் கடைசிக்கே மூச்சு வாங்கும் ஒரு முறையின் மேல் ஐந்து மடங்கை ஏற்றும் முன் யாராவது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டாமா?

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே மஸ்டரிங்கை 2024 செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை கட்டம் கட்டமாக. செப்டம்பர் 18 முதல் 24 வரை திருவனந்தபுரம் மாவட்டம் மட்டும். அடுத்த வாரம் கொல்லத்திலிருந்து திருச்சூர் வரை ஏழு மாவட்டம். அதற்கடுத்து அக்டோபரில் வடக்கே உள்ள ஆறு. எங்கள் தொழிலில் இதற்கு 'கேனரி' என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க முன்னால் ஒரு குருவியைக் கொண்டு போவார்களாம், அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. எதையும் முதலில் ஒரு சிறு பகுதிக்குத் திறந்து விடு, தாங்கினால் அடுத்ததைத் திற. பாறசாலை, நெய்யாற்றின்கரை மக்கள் அந்தக் குருவிகள். :-) கிண்டல் இருக்கட்டும், அது சரியான வழி. மார்ச்சிலேயே அதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என் வாதம். ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது, ஒரு அட்டவணைதான்.

ஆக கூட்டத்தைப் பிரித்து அனுப்புவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. முன்கூட்டியே பிரித்தால் அது திட்டம். விழுந்த பிறகு பிரித்தால் அது ஜனங்களின் தலையில் வைக்கும் சுமை. இந்த வைத்தியம் கேரளத்தோடு நிற்பதும் இல்லை. எங்கள் பக்கத்து அமரவிளை செக்போஸ்டில் வரி கட்டக் காத்து நிற்கும் லாரி வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் சோதனைச்சாவடி போயிற்று. வரிசை போயிற்றா? ரோட்டிலிருந்து எழும்பி சர்வருக்குள் போய் நின்றுகொண்டது. மாதம் 20-ஆம் தேதி எல்லா வியாபாரிகளும் ஒன்றாகக் கணக்கு ஏற்ற, தளம் திணறியது. 2020 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் கடைசித் தேதியை 20, 22, 24 என்று மூன்றாகப் பிரித்தது. சிறு வியாபாரிகளில் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் 22. அதாவது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாளில் வரிசை.

க்ளவுட் கம்பெனிக்காரர் மேடையில் பேசும்போது 'எலாஸ்டிக்' என்ற சொல்லைக் கட்டாயம் சொல்வார். கூட்டம் வந்தால் மெஷின் தானே விரியும், போனால் சுருங்கும் என்பார். நம் ரேஷன் முறையிலும் விரிந்து சுருங்குகிற ஒன்று உண்டு. அது கார்டுக்காரர். காலையில் வா என்றால் வருவார், மாலையில் வா என்றால் வருவார், அடுத்த மாதம் வா என்றால் அதற்கும் வருவார். மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவருக்கு அது ஒரு நாள் வருமானம். ரப்பர் வெட்டப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அந்தச் செலவு எந்த டாஷ்போர்டிலும் வராது.

ஏன் வராது? இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கேரள இ-போஸ் தளத்தில் எந்தக் கடையில் எத்தனை பில் போட்டார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாராட்ட வேண்டிய வெளிப்படைத்தன்மை. ஆனால் அது எண்ணுவது வெற்றியை. மூன்று தடவை வந்து நான்காம் தடவை அரிசி வாங்கியவர் அங்கே ஒரு பில். மாதக் கடைசியில் இத்தனை சதவீதம் வினியோகம் ஆகிவிட்டது என்று அறிக்கை வரும். அவர் நடந்த மூன்று நடை எதிலும் இல்லை.

இதற்கு எங்கள் துறையில் ஒரு பெயரே உண்டு. கில் டெனே என்ற பொறியாளர் இதை எடுத்துச் சொன்னார், 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கடையில் நிமிஷத்துக்கு ஒருவர் வருகிறார். சர்வர் பத்து நிமிஷம் தூங்கிவிட்டது. பதிவேட்டில் என்ன இருக்கும்? பத்து நிமிஷம் எடுத்த ஒரே ஒரு பரிவர்த்தனை. வாசலில் நடந்தது என்ன? முதல் ஆள் பத்து நிமிஷம் நின்றார், அடுத்தவர் ஒன்பது, அடுத்தவர் எட்டு. கூட்டினால் 55 நிமிஷக் காத்திருப்பு. பதிவேடு சொல்வது 10. மீதி 45 நிமிஷம் சர்வருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த ஆட்கள் இன்னும் சர்வரைத் தொடவே இல்லை. நடுவில் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனவரோ எந்தக் கணக்கிலும் இல்லை.

சராசரி என்பதும் இதே மாதிரி ஏமாற்றும். நூறு கடையில் 95-இல் ஒரு நொடியில் பதில் வருகிறது, ஐந்தில் 41 நொடி ஆகிறது. சராசரி மூன்று நொடி. திருவனந்தபுரத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லாம் பச்சை. அந்த ஐந்து கடையும் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நகரத்தின் நடுவில் இருக்காது. மலையோரத்திலும் கடலோரத்திலும் எல்லையோரத்திலும்தான் இருக்கும். எங்கள் பக்கம் வீட்டின் முன்னறையிலிருந்து அடுக்களைக்குப் போனாலே கைபேசி கேரளக் கோபுரத்தை விட்டுத் தமிழ்நாட்டுக் கோபுரத்துக்குத் தாவி, 'நல்வரவு' என்று குறுஞ்செய்தி அனுப்பும். இப்படிப்பட்ட இடத்தின் சிக்னல், அதில் சிம் போட்ட ஒரு மிஷின், பத்து வருஷம் முந்திரி உடைத்த ஒரு விரல். இந்த மூன்றையும் எந்தச் சோதனைக்கூடமும் கண்டதில்லை. முந்திரிக் கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், ரேகை அழியும். முதல் தடவை பதியாது, இரண்டாம் தடவை பதியாது. ஒவ்வொரு தடவையும் சர்வருக்கு ஒரு புது வேண்டுகோள்.

இந்த மறுமுயற்சி இருக்கிறதே, அதுதான் பல பெரிய சர்வர்களைக் கொன்ற விஷம். மெதுவாகிப்போன சர்வரை எல்லோரும் சேர்ந்து மறுபடி மறுபடி தட்டினால் அது எழும்பவே எழும்பாது. 2025 ஏப்ரல் 12-இல் யு.பி.ஐ. நாடு முழுக்கத் தடுமாறியது. பணம் போனதா இல்லையா என்று சில வங்கிகளின் கணிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று தேசியக் கொடுப்பனவு நிறுவனம் கண்டு சொன்னது. பிறகு எத்தனை தடவை கேட்கலாம் என்று வரம்பு போட்டார்கள். ஆகஸ்டிலிருந்து நம்மைப்போன்றவர்கள் ஒரு செயலியில் நாளுக்கு 50 தடவைக்கு மேல் இருப்புப் பார்க்கக்கூட முடியாது. விழுந்தார்கள், காரணம் தேடினார்கள், வெளியே சொன்னார்கள், விதியை மாற்றினார்கள். ரேஷன் சர்வர் விழுந்தபோதெல்லாம் நமக்குக் கிடைத்தது 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு வார்த்தைதான். அது காரணம் அல்ல. வயித்து வலிக்கு மருத்துவர் 'வயித்தில் கோளாறு' என்று எழுதிக் கொடுப்பது மாதிரி.

"எல்லாவற்றையும் க்ளவுடுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. க்ளவுட் நல்லதுதான். என் சோறே அதில்தான் வேகிறது. ஆனால் விரலிலிருந்து அரிசி வரை எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். மிஷின், கைபேசி வலை, ரேஷன் சர்வர், ஆதார் சர்வர், திரும்பி வருகிற வழி. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை வேலை செய்தாலும் ஐந்தும் சேர்ந்து வேலை செய்வது 95 தடவைதான். க்ளவுடுக்கு மாற்றினால் ஐந்தில் ஒரு கண்ணி வலுவாகும். மற்ற நான்கு? உலகத்திலேயே பெரிய க்ளவுடும் விழும் என்பதை 2025 அக்டோபர் 20-இல் பார்த்தோம். அமேசானின் வர்ஜீனியா மையத்தில் தானியங்கி முறை ஒன்று தன் முகவரிப் பதிவையே அழித்துக்கொள்ள, உலகம் முழுக்க எத்தனையோ செயலிகள் பல மணி நேரம் படுத்தன. வாடகை வீட்டுக்குப் போனால் கூரை ஒழுகாது என்று யார் சொன்னது? ஒழுகும்போது யாரைக் கூப்பிடுவது, அதுவரை எங்கே படுப்பது என்று நாம்தான் யோசித்து வைக்க வேண்டும்.

பழைய கார்டு, பழைய நோட்டு, பழைய பேனாவுக்கே போய்விடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. களியக்காவிளை வழியாக ரேஷன் அரிசி கடத்திப் பிடிபட்ட செய்தியைப் படித்துப் படித்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். யார் பெயரில் எத்தனை கிலோ போனது என்று தெரிவது ஏழைக்குத்தான் பாதுகாப்பு. மிஷின் வேண்டும். வேலை செய்கிற மிஷின் வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? காசு அதிகம் கேட்காத நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, வாசலிலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு மிஷினும், முதல் விரல் வைத்ததிலிருந்து பில் வரும் வரை எத்தனை நொடி, எத்தனை தடவை முயற்சி, எத்தனை தடவை கைவிட்டது என்பதைத் தன்னிடமே குறித்து வைத்து, சிக்னல் வரும்போது அனுப்பட்டும். இதற்கெல்லாம் இன்று இலவசக் கருவிகள் உண்டு. 2019-இல் ஓப்பன் டெலிமெட்ரி என்று ஒரு பொதுத் திட்டம் தொடங்கி, ஒரு வேண்டுகோள் எந்தெந்தச் சர்வர் வழியாகப் போய் எங்கே சிக்கியது என்று நூல் பிடித்துக் காட்டும் முறையை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. சராசரியைப் போடாதீர்கள், மோசமான நூறு கடைகளின் பட்டியலைப் போடுங்கள். ஜனங்கள் பார்க்கிற அதே தளத்தில் போடுங்கள்.

இரண்டு, தேதி தெரிந்த கூட்டத்துக்கு முன்பு சோதனை கட்டாயம். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, 14,000 பொய் மிஷின்களை வைத்து அடித்துப் பாருங்கள். அடிப்பதற்கு ஜேமீட்டர் மாதிரி இலவசக் கருவியே போதும். மிச்சம் வேண்டியது திருவனந்தபுரத்திலேயே கிடைக்கிற ஆட்கள். அடிக்கும்போது ஆதார் சர்வர் மெதுவானால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து அடியுங்கள்.

மூன்று, விழுந்தால் என்ன செய்வது என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆதார் இல்லை, விரல் பதியவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. விரலுக்குப் பதில் ஓ.டி.பி. என்பது பாதி வழிதான். அதுவும் அதே வலை, அதே சர்வர்கள் வழியாகத்தான் போக வேண்டும். சர்வர் அரை மணி நேரம் பதில் சொல்லாவிட்டால் குறிப்பேட்டில் எழுதிக் கொடு, பிறகு ஏற்றிக்கொள் என்று ஒரு தெளிவான விதி, கடைக்காரரின் மேல் பழி வராதபடி, கடைச் சுவரில் இரண்டு மொழியிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

நான்கு, விழுந்த பிறகு காரணம் சொல்ல வேண்டும். எது விழுந்தது, ஏன், அடுத்த முறை விழாமலிருக்க என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கம். பெயர் சொல்லி யாரையும் தூக்கில் போட வேண்டாம். எங்கள் துறையில் நல்ல கம்பெனிகள் எல்லாம் அதைப் பழி போடாமலேயே எழுதுகின்றன.

இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை அல்ல. அதுவும் பக்கத்தில் தும்பாவில் 1963-லேயே விட்டாகிவிட்டது. :-) டி.வி. தள்ளுபடி விற்பனைக்கு ஒரு கம்பெனி என்னென்ன செய்து கொடுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறதோ, அதை அரிசிக்கும் எழுதி வாங்குங்கள் என்பதுதான் கோரிக்கை. அங்கே ஒரு நொடி தாமதத்துக்கு அபராதம் உண்டு. இங்கே ஒரு நாள் தாமதத்துக்கும் கிடையாது. டெண்டர் எழுதும்போது 'மாதத்தின் கடைசி மூன்று நாளில், மோசமான நூறு கடைகளில், பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரு நிமிஷத்துக்குள் பில் வர வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

அடுத்த தடவை ஊர்ப்பக்கம் போகும் டெக்னோபார்க் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், சட்டமன்ற உறுப்பினரையோ தாலுகா சப்ளை ஆபீசரையோ பார்க்கும்போது "சர்வர் சரியாச்சா?" என்று கேட்காதீர்கள். "சரியாயிட்டு" என்று பதில் வரும். "போன மாசம் எத்தனை பேர் வெறும் பையோடு திரும்பிப் போனாங்க?" என்று கேளுங்கள். அந்த எண் அவரிடம் இருக்காது. அந்த எண் இருக்கிற நாளில்தான் நாம் கண்காணிக்க ஆரம்பித்தோம் என்று அர்த்தம்.